முதல் சுற்றில் ஒருத்தி மட்டும்

எங்கள் அண்ணி துணிக்கடையில் உள்ளாடை வாங்கும் அழகை ஒருதரம் பார்க்க வேண்டும். முதலில் கைக்குட்டை கேட்பாள். பிறகு துண்டு. பிறகு தலையணை உறை. கடைக்காரப் பெண் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு ஓய்ந்த பிறகு, மேஜையைத் தடவிக்கொண்டே "அப்புறம்... அது..." என்பாள். "எதும்மா?" என்று அந்தப் பெண் கேட்டால் அண்ணியின் காது சிவந்துவிடும். கடைசியில் நாத்தனாரான நான்தான் வாயைத் திறந்து சொல்லித் தொலைப்பேன். தையல்காரர் சட்டையை இறுக்கித் தைத்துவிட்டாலும் போய்க் கேட்கமாட்டாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் போட்டுக்கொள்வாள்.

இப்படிப்பட்டவளுக்கு, வீடு வீடாகப் போய் "உங்களுக்கு அரிப்பு இருக்கிறதா, எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்கும் வேலை கிடைத்தது. விதி சிரித்துக்கொண்டே செய்த வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு டயர் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தாள். கடையை மூடிவிட்டார்கள். சுகாதார நிலையத்தில், கையெழுத்து நன்றாக இருக்கிற, மாடிப்படி ஏறச் சளைக்காத பெண்கள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். இரண்டும் அண்ணிக்குப் பொருந்தின. ஊரெல்லாம் படர்தாமரை பரவுகிறது என்று பேச்சு. சாதாரணக் களிம்புக்கு மசியாத படர்தாமரை. அதை எண்ணத்தான் ஆள் எடுத்தார்கள்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு டாக்டர். அவர் வைத்தியம் பார்த்து யாரும் பார்த்ததில்லை, சதா எண்ணிக்கொண்டே இருப்பார் என்பதால் அவருக்கு எண்ணிக்கை டாக்டர் என்று பெயர். அவர் சொல்லிக்கொடுத்ததை அண்ணி சாயங்காலம் அடுப்படியில் நின்று எங்களுக்கு ஒப்பித்தாள். எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. புதிதாக எத்தனை பேருக்கு வருகிறது என்பது வேறு கணக்கு. வீட்டுக்குள் இருக்கிற கொசுவை எண்ணினால் மட்டும் போதாது. ஜன்னல் வழியாக எத்தனை வருகிறது என்று தெரிந்தால்தான் எந்த ஜன்னலை மூடுவது என்று தெரியும்.

"அதனால ரெண்டு சுற்று," என்றாள் அண்ணி, கரண்டியை ஆட்டிக்கொண்டே. "முதல் சுற்றுல, ஏற்கெனவே நோய் இருக்கறவங்கள எல்லாம் கண்டுபிடிச்சு தனியா வச்சிடணும். மீதி இருக்கறவங்க நோய் இல்லாதவங்க. ஆறு மாசம் கழிச்சு அவங்ககிட்ட மட்டும் திரும்பப் போகணும். அதுல யாருக்கு இருக்கோ, அது புதுசு."

"முதல் தடவை யாராவது மறைச்சுட்டா?" என்று என் அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே கேட்டான்.

"அதத்தான் சார் திரும்பத் திரும்பச் சொன்னாரு. முதல் சுற்றுல விட்டுப்போன பழைய நோய், ரெண்டாவது சுற்றுல புதுசு மாதிரி வந்து நிக்குமாம்."

ஆக, அண்ணிக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாம் தெரியும். அதுதான் பின்னால் அவளை அரித்தது.

அவளுக்குக் கொடுத்த இடம் நாங்கள் குடியிருக்கும் கட்டடமே. நடுவில் முற்றம், சுற்றிலும் நாலு மாடி, நீளநீளமான நடைகள். எந்த வீட்டிலும் துணி உலர்த்த இடம் கிடையாது. கீழே மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் மூன்று மெஷின்களும் ஓர் உலர்த்தும் மெஷினும் வைத்து ஒரு லாண்டரி. கட்டடத்தின் அழுக்கு மூட்டை முழுவதும் அங்கேதான் போகும். நடத்துகிற பெண்மணியை எல்லோரும் லாண்டரி அக்கா என்போம். யாருடைய சட்டையில் எந்தப் பித்தான் விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சொல்லாமலே தைத்து அனுப்புவாள். யார் படுக்கை விரிப்பில் என்ன கறை என்பதும் தெரியும். அதைச் செத்தாலும் சொல்லமாட்டாள். அண்ணியைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவாள்.

முதல் சுற்றுக்கு அண்ணியோடு நானும் போனேன். வீட்டில் உட்கார்ந்து பள்ளிப் பைகள் தைப்பது என் பிழைப்பு. அந்த வாரம் தையல் மெஷின் பழுதாகிக் கிடந்தது. தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது, கூட வா என்று அண்ணி கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

முதல் கதவு டியூஷன் டீச்சருடையது. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். டீச்சரின் கணவர் கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் போய், உடம்பில் ஒவ்வோர் இடமாகச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன முறை. அண்ணி நிலைப்படியிலேயே நின்றாள்.

"சும்மா ஒரு சர்வே டீச்சர். உங்க வீட்ல யாருக்கும் அந்த மாதிரி ஒண்ணும் இல்லைல்ல?"

"எந்த மாதிரி?"

"அதான்... தோல்ல... வட்டமா..."

டீச்சர் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "ஐயோ, எங்க வீட்ல அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க."

இருவருக்கும் உயிர் வந்தது. அண்ணி 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டாள். அடுத்த வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது வீட்டில் கேள்வி இன்னும் குட்டையாகிவிட்டது. இரண்டாவது மாடிக்கு வந்தபோது, கதவு திறந்ததும் அண்ணியே தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்ட, உள்ளேயிருப்பவர்களும் அதே மாதிரி ஆட்டினார்கள். எங்கள் வீட்டுக்கு அதுகூட இல்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரில் தாளை வைத்து அவளே எழுதிக்கொண்டாள்.

"அண்ணனக் கேக்க வேண்டாமா அண்ணி?"

"உங்க அண்ணனப் பத்தி எனக்குத் தெரியாதா?"

கடைசியில் லாண்டரி. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூட்டையோடு மூன்று பேர் காத்திருந்தார்கள், அதில் ஒருவர் கட்டடத்துச் சங்கத்தின் செயலாளர். நான் இங்கேயும் தலையாட்டல்தான் என்று நினைத்தேன். ஆனால் அண்ணி நேராக உள்ளே போய், நிமிர்ந்து நின்று கேட்டாள்.

"அக்கா, உடம்புல எங்கயாவது வட்டமா அரிப்பு இருக்கா? இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள்?"

லாண்டரி அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "இடுப்புல இருக்கு தங்கச்சி. ரொம்ப நாளா இருக்கு."

"காட்டுங்க."

அவள் காத்திருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, துணியை விலக்கிக் காட்டினாள். அண்ணி குனிந்து, டார்ச் அடித்து, அளந்து எழுதினாள். கேட்க வேண்டியதை ஒன்று விடாமல் கேட்டாள். அப்பாடா, ஒருவழியாக வேலை கைக்கு வந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் சுற்று முடிந்தது. கட்டடம் முழுவதிலும் நோய் இருந்தது ஒரே ஓர் ஆளுக்கு.

அந்த ஓர் ஆளுக்குச் சுகாதார நிலையத்திலிருந்து புதுக் களிம்பு வந்தது. சொன்னபடி தடவினாள், சீக்கிரமே குணமாகிவிட்டது. லாண்டரி அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் "அந்தக் களிம்பு தங்கமான களிம்பு, இப்பத்தான் நிம்மதியா தூங்கறேன்" என்று வாயாரச் சொன்னாள். பாவி, கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது சுற்று. இந்தத் தடவை அண்ணி தட்டும் முன்பே கதவுகள் திறந்தன. பெண்கள் அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார்கள். காதோடு காதாகப் பேச்சு. "எனக்கும் வந்துடுச்சும்மா, அந்தக் களிம்பு கிடைக்குமா?" எப்போதிருந்து என்று கேட்டால், எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "இப்பத்தான். போன வாரம்." முதலில் இல்லை என்று சொன்னவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? டியூஷன் டீச்சருக்குப் போன வாரம். அவள் கணவருக்கும் போன வாரம். பாதிக் கட்டடத்துக்குப் போன வாரம் வந்திருந்தது.

அண்ணி ஓடி ஓடிக் களிம்பு கொண்டுவந்து கொடுத்தாள். தன்னிடம் எல்லோரும் மனம் திறந்து பேசுகிறார்கள் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. அதில் மயங்கிவிட்டாள்.

எண்ணிக்கை டாக்டர் கணக்குப் போட்டார். ஊரில் வேறு எங்கேயும் இவ்வளவு வேகமாகப் புது நோய் வரவில்லை. ஒரு பெரிய படம் வரைந்து கொண்டுவந்து சங்கக் கூட்டத்தில் மாட்டினார். ஆரம்பத்தில் நோய் இருந்த இடத்துக்குக் கறுப்பு ஊசி, புதிதாக வந்த இடங்களுக்குச் சிவப்பு. மாடிகள் முழுக்கச் சிவப்பு. கறுப்பு ஒன்றே ஒன்று, கீழே, லாண்டரியில்.

டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். "ஈரத்துணி வழியா பரவியிருக்கலாம். இன்னும் பாக்கணும்," என்றார். செயலாளருக்கு அந்த 'லாம்' காதில் ஏறவில்லை. "நான் அன்னைக்கே என் கண்ணால பாத்தேனே," என்றார். அன்று மாலையே லாண்டரிக்குப் பூட்டு. மாதக் கடைசிக்குள் மெஷின்களை எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. பித்தான் தைத்துக் கொடுத்த கையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. மறுநாளிலிருந்து நடைகளிலெல்லாம் கயிறு கட்டி, ஈரத்துணி எங்கள் தலையில் சொட்டியது.

படிக்கட்டில் லாண்டரி அக்கா அண்ணியை மறித்தாள். "தங்கச்சி, நான் குணமாகி எவ்வளவோ நாளாச்சே. உனக்குத் தெரியுமே. நீயாவது சொல்லக் கூடாதா?"

"டாக்டர் சொல்றாரு அக்கா... நான் என்ன பண்ண..." என்று மென்று விழுங்கிவிட்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டு அண்ணி மேலே வந்துவிட்டாள். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். எனக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதே வாரம் டாக்டர் அண்ணியை மெச்சிக்கொண்டார். மற்ற வட்டாரங்களில் யாரும் இவ்வளவு பேரைப் பேசவைக்கவில்லையாம். இனி அவள்தான் எல்லோருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். என் அண்ணன் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை.

இரண்டு நாள் கழித்து டியூஷன் டீச்சர் மாடிப்படியில் அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்மா. ரெண்டு வருஷமா சொறிஞ்சு சொறிஞ்சு செத்தேன். உங்க களிம்புல போயே போச்சு."

"ரெண்டு வருஷமா?" என்றாள் அண்ணி. "போன வாரம்னு சொன்னீங்களே டீச்சர்?"

"அது... அப்ப இல்லைன்னு சொல்லிட்டு, இப்ப ரெண்டு வருஷம்னா நல்லாவா இருக்கும்?"

"அப்ப ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க எங்கம்மா கேட்டீங்க? 'ஒண்ணும் இல்லைல்ல'ன்னு நீங்களே கேட்டு, நான் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள டிக் அடிச்சுட்டுத் திரும்பிட்டீங்க. எனக்கும் அது வசதியா போச்சு."

டீச்சர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள். அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. மேலே நடையில் தொங்கிய யாருடைய போர்வையிலிருந்தோ தண்ணீர் அவள் தோளில் சொட்டியது, நகரக்கூட இல்லை. சிவப்பு ஊசியெல்லாம் பழைய நோய். ஒழுங்காகக் கேட்ட ஒரே இடத்தில் ஒழுங்கான பதில் வந்தது, அந்தப் பதில்தான் கறுப்பு ஊசியாகப் போய்க் குத்திக்கொண்டது.

வீட்டில் சொன்னபோது அண்ணன் கையை உதறினான். "விட்டுத் தள்ளு. டிரெய்னர் ஆகப்போற நேரத்துல நீயே உன் வேலைல மண்ணை அள்ளிப் போட்டுக்குவியா?" அண்ணி சாப்பாட்டைத் தொடவில்லை. "கடவுளே, அவமானமா இருக்கு, அவமானமா இருக்கு," என்று முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய வழக்கமான கூச்சத்தைக் கேலி செய்தே பழகியவள் நான். இது அது இல்லை என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. கேலி செய்ய வாய் வரவில்லை.

காலையில் முதல் ஆளாகப் போய் எண்ணிக்கை டாக்டரின் அறையில் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"முதல் சுற்றுல ஒருத்தரக்கூட முறைப்படி கேக்கலையா?"

"ஒருத்தங்கள மட்டும் கேட்டேன் சார்."

"யார?"

அண்ணியின் பார்வை சுவருக்குப் போனது. அவர் சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார், அந்தக் கறுப்பு ஊசியை. அவர் முகமும் சுருங்கிப்போய்விட்டது. "இத நானாவது யோசிச்சிருக்கணும்," என்றார். "கூட்டத்துல மாட்டி வேற வச்சேனே." பிறகு, கணக்கை மாற்ற வேண்டுமானால் அண்ணி சொன்னால் மட்டும் போதாது, நோய் எப்போது ஆரம்பித்தது என்று அந்த வீட்டுக்காரர்களே உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார்.

ஊரைப் பொய்யர்கள் என்று சொல்லாமல் ஊரிடம் உண்மையை எப்படி வாங்குவது? அண்ணி சங்கத்தைக் கூட்டச் சொன்னாள். முற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். உள்ளாடை கேட்க நாக்கு எழும்பாதவள் எழுந்து நின்றாள்.

"முதல் தடவை நான் யார்கிட்டயும் ஒழுங்கா கேக்கல. கேக்க வெக்கமா இருந்துச்சு. நானே இல்லைன்னு எழுதிக்கிட்டேன். தப்பு என்னோடது, உங்களோடது இல்ல." நிறுத்தினாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னாள். "எங்க வீட்டுக்கும் இல்லைன்னுதான் எழுதினேன். ஆனா எங்க வீட்டுக்காரருக்கு அப்பவே இருந்துச்சு. ஒரு வருஷமா இருந்துச்சு. தொடைல."

என் அண்ணனைப் பார்க்கவேண்டுமே! காற்றுப் போன டயர் மாதிரி சப்பென்று ஆகிவிட்டான். முதலில் யாரோ 'களுக்'கென்று சிரித்தார்கள். பிறகு முற்றமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் டியூஷன் டீச்சர் கையைத் தூக்கினாள். "எனக்கு ரெண்டு வருஷம்." பின்னால் ஓர் ஆண் குரல், "எனக்கும்தாங்க." பிறகு ஒவ்வொருவராக. செயலாளர் மட்டும் கடைசிவரை பேசவில்லை. ஆனால் மறுநாள் தனியாக டாக்டரைப் பார்க்கப் போனார் என்று கேள்விப்பட்டோம்.

டாக்டர் கணக்கை மாற்றினார். புது நோய் விரல் விட்டு எண்ணும் அளவுதான் தேறியது. தன் அறைச் சுவரிலிருந்த ஊசிப் படத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். பயிற்சி கொடுக்கும் பேச்சு கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது. அண்ணி அதைப் பற்றி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. செயலாளர் லாண்டரிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தனுப்பினார். நேரில் போக அவருக்கு மனசு வரவில்லை, அல்லது முகம் வரவில்லை.

திறந்த அன்றே அண்ணி துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நானும் போனேன். லாண்டரி அக்கா தூசி படிந்த மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம்," என்றாள்.

அண்ணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, என்ன புதுசா மேடம்..."

"வைங்க மேடம். நாளைக்கு வாங்கிக்கலாம்."

"அக்கா, மன்னிச்சிடுங்க. நான் மத்தவங்ககிட்ட ஒழுங்கா கேக்கல. அதனாலதான் உங்க தலைல வந்து விழுந்துச்சு."

"கேள்விப்பட்டேன். வெக்கமா இருந்துச்சுன்னு கூட்டத்துல சொன்னீங்களாம்." லாண்டரி அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை. குரலில் கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "அன்னைக்கு இங்க மூணு பேரு நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க முன்னால காட்டச் சொன்னீங்க. காட்டினேன். என்கிட்ட கேக்கறதுக்கு மட்டும் உங்களுக்கு வெக்கமா இல்லையா மேடம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று நான் பெருமைப்பட்டேனே, வேலை கைக்கு வந்துவிட்டது என்று! மண்ணாங்கட்டி. அழுக்குத் துணி வெளுக்கிறவளுக்குக் கூச்சம் என்று ஒன்று இருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அக்கா என்று கூப்பிட்டது வாயோடு சரி.

"இல்லை அக்கா," என்றாள் அண்ணி கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. "உங்ககிட்ட வெக்கப்படணும்னு எனக்குத் தோணவே இல்லை."

"தெரியும்," என்றாள் லாண்டரி அக்கா. மூட்டையை எடுத்து உள்ளே வைத்தாள்.

அடுத்த ஆறு மாதத்தில் மூன்றாவது சுற்று வந்தது. இப்போது அண்ணி கேட்கும் அழகே வேறு. ஒவ்வொருவரையும் தனி அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தி, வார்த்தையை விழுங்காமல் கேட்டாள். காது சிவந்தாலும் கேட்டாள். சனங்களும் உள்ளதைச் சொன்னார்கள். எல்லா மாடியும் முடித்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கீழே வந்து, திறந்தே கிடந்த லாண்டரிக் கதவை வெளியே நின்று தட்டினாள். யாராவது காத்திருக்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை.

"உள்ளே வரலாமா அக்கா? கதவச் சாத்திக்கட்டுமா?"

"சாத்துங்க மேடம்."

"உடம்புல எங்கயாவது அரிப்பு..." அண்ணி முறைப்படி ஒவ்வோர் இடமாகக் கேட்டாள், மெதுவாக, மரியாதையாக.

"இல்லை மேடம். அந்த மாதிரி ஒண்ணும் இல்லை."

சொல்லும்போது லாண்டரி அக்கா மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டாள். இறக்குவதற்குள் நாங்கள் இருவரும் பார்த்துவிட்டோம். முழங்கைக்குக் கீழே வட்டமாக, ஓரம் சிவந்து, நன்றாக முற்றிய படர்தாமரை. அவளும் நாங்கள் பார்த்ததைப் பார்த்தாள்.

அண்ணியின் பேனா தாள்மேல் நின்றது. பார்த்ததை எழுதினால் இன்னொரு முறை அவளைக் காட்டிக்கொடுப்பது. சொன்னதை எழுதினால் பொய். கடைசியில், அவள் சொன்னதை எழுதினாள். 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு களிம்பு டியூபை எடுத்து மெஷின்மேல் சத்தமில்லாமல் வைத்தாள். "வர்றேன் அக்கா," என்று திரும்பினாள்.

நாங்கள் படிக்கட்டுப் பக்கம் வந்தபோது பின்னால் வேகமாகச் செருப்புச் சத்தம் கேட்டது. லாண்டரி அக்கா வந்து அண்ணியின் கையில் டியூபைக் கொடுத்தாள்.

"இத மறந்து வச்சுட்டு வந்துட்டீங்க மேடம்," என்றாள்.

அண்ணி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.